சிங்க முகமூடிக்குக் கீழே ஒரு முகம்: ஜே லங்ங’ஆயாவின் நடிப்பு வாழ்க்கை

தமிழில் ‘ங’ என்ற எழுத்துக்கு வேலை குறைவு. ‘அங்ஙனம்’, ‘இங்ஙனம்’ என்று சொல்லும்போதுதான் அதன் முழு ஒலி நம் வாயில் வருகிறது. பசிபிக் பெருங்கடல் தீவுகளான சமோவாவின் மொழியிலோ அந்த ஒலி அன்றாடப் பேச்சில் சர்வசாதாரணம். ஆங்கில எழுத்தில் அதை ‘ஜி’ என்ற ஒற்றை எழுத்தால் குறித்துவிட்டார்கள். நாம் வரைபடத்தில் ‘பாகோ பாகோ’ என்று படிக்கும் துறைமுகம் அந்த ஊர்க்காரர்களுக்குப் ‘பாங்ஙோ பாங்ஙோ’. அதே கணக்கில், ஆங்கிலப் பத்திரிகையைப் பார்த்து ‘லகாயா’ என்று நாம் படிக்கக்கூடிய ஒரு பெயர் உண்மையில் ‘லங்ங’ என்று தொடங்கி, தொண்டையில் ஒரு கணம் நின்று, ‘ஆயா’ என்று முடிகிறது. நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் குறி அலங்காரம் கிடையாது. சமோவா மொழியில் அது ஒரு மெய்யெழுத்துக்குச் சமம். அதை விட்டால் சொல்லே மாறிப்போகலாம்.

ஜே லங்ங’ஆயா அந்தக் குறியோடுதான் நாற்பது ஆண்டுகளாகப் படங்களிலும் நாடக அறிவிப்புகளிலும் இருந்துவருகிறார். 1988இல் வின்சென்ட் வார்ட் இயக்கிய ‘தி நேவிகேட்டர்’ படத்தில் ஒரு சிறு வேடம். அதில் ‘ஜே லவேயா லங்ங’ஆயா’ என்று இன்னும் நீளமாகவே பெயர் போட்டிருக்கிறார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ பார்த்தவர்களுக்கு அவர் ஒரு கண்ணில் பட்டை கட்டிய கேப்டன் டைஃபோ. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த இளைஞர்களுக்கு, மூன்று வயதில் தங்களோடு தொலைக்காட்சியில் பாடி விளையாடிய ‘ஜே’.

இந்த ஆய்வுக்கு அவரை எடுத்துக்கொண்டதற்கு அவருடைய புகழ் காரணமில்லை. இவரைவிடப் பெயர் பெற்ற சமோவா வம்சாவளி நடிகர்கள் உண்டு. மேடை, தொடர், குழந்தைகள் நிகழ்ச்சி, பெரிய திரை என்று எல்லா வாசலிலும் ஏறி இறங்கியவர் இவர். எந்த வாசல் எவ்வளவு திறந்தது, ஏன் திறந்தது என்பதை ஒரே மனிதரின் வாழ்க்கையில் வைத்துப் பார்க்க முடிகிறது. நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனை உலகங்களில் அவருக்குக் கதவு அகலமாகத் திறந்தது. ‘இது நம் தெரு, இவர்கள் நம் அண்டை வீட்டார்’ என்று சொல்லிக்கொள்ளும் கதையில்தான் அவருக்கு இடம் சுருங்கியது.

தெற்கு ஆக்லாந்து

லங்ங’ஆயா 1963 செப்டம்பர் 10 அன்று நியூசிலாந்தின் ஆக்லாந்தில் சமோவாக் குடும்பத்தில் பிறந்தார். அதற்கு ஒன்றே முக்கால் ஆண்டுக்கு முன்புதான், 1962 ஜனவரி 1 அன்று, சமோவா நியூசிலாந்தின் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றிருந்தது. 1914 முதல் அந்தத் தீவுகளை நியூசிலாந்துதான் ஆண்டது. போருக்குப் பிறகு ஆக்லாந்தின் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது தீவுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். இன்று நியூசிலாந்தில் தங்களைச் சமோவர் என்று பதிவு செய்திருப்போர் இரண்டு லட்சத்துக்கும் மேல். சமோவாவின் மொத்த மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு நாட்டின் சரிபாதி இன்னொரு நாட்டில் வாழ்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

எழுபதுகளின் நடுவில் பொருளாதாரம் சரிந்தது. கூப்பிட்டு வேலை கொடுத்த அதே நாடு, விசாக் காலம் முடிந்தும் தங்கியிருப்பவர்களைப் பிடிக்கிறோம் என்று விடியற்காலையில் வீடு புகுந்தது. ‘டான் ரெய்ட்ஸ்’ என்று அந்த நாட்டு வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட சோதனைகள் அவை. எண்பதுகளின் நடுவில் எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது: காலம் கடந்து தங்கியவர்களில் பசிபிக் தீவினர் மூன்றில் ஒரு பங்குதான், வழக்குத் தொடரப்பட்டவர்களில் அவர்கள் 86 விழுக்காடு. 2021 ஆகஸ்ட் 1 அன்று ஆக்லாந்து நகர மண்டபத்தில் அன்றைய பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். சமோவா வழக்கப்படி, குற்றம் செய்தவர் பாய் போர்த்து அமர்ந்து மன்னிப்புக்குக் காத்திருக்கும் ‘இஃபோங்ஙா’ சடங்கில் அவர் அமர்ந்தார். நேர்த்தியாக முடைந்த பெரிய பாயை அவர்மேல் போர்த்தி, பின் விலக்கினார்கள்.

அந்தச் சோதனைகள் நடந்த ஆண்டுகளில் லங்ங’ஆயாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. அவர் வீட்டில் என்ன நடந்தது என்று நான் கற்பனை செய்யப்போவதில்லை. ஆனால் அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் தங்கள் முகத்தை எங்கே பார்த்திருப்பார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் செய்தியில், அதுவும் சிக்கலாக. நடிகனாகலாம் என்ற ஆசைக்குப் பக்கத்தில் முன்மாதிரி என்று எதுவும் கிடையாது.

அவர்களிடம் இருந்தது பாட்டு. சமோவாக் குடும்பங்களுக்குத் தேவாலயப் பாட்டுக்குழுதான் இசைப்பள்ளி. லங்ங’ஆயாவின் தொடக்கமும் இசை வழியாகத்தான். எண்பதுகளில் வந்த ‘ஹீரோஸ்’ ஒரு பாப் இசைக்குழுவைப் பற்றிய தொடர். நடிக்கத் தெரிந்தவர் பாடக் கற்றுக்கொள்வது ஒரு வகை. பாடத் தெரிந்தவர் நடிப்புக்கு வருவது வேறு வகை. இரண்டாம் வகையினருக்கு மூச்சும் தாளமும் உடம்பில் ஏற்கெனவே இருக்கும். பின்னால் அவருடைய சோற்றைக் காப்பாற்றியது இதுதான்.

தலைகளின் மேல் ஒரு வாள்சண்டை

தொண்ணூறுகளில் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் ஆக்லாந்தின் காடுகளையும் கடற்கரைகளையும் பழங்காலக் கிரேக்கமாக மாற்றினார்கள். காரணம் எளிமையானது: செலவு குறைவு, நிலம் அழகு, தொழில் தெரிந்த ஆட்கள் உண்டு. ‘ஸீனா: வாரியர் பிரின்சஸ்’ தொடர் 1995 முதல் 2001 வரை 134 பகுதிகள் ஓடியது. அதன் முதல் பகுதியிலேயே ஸீனாவுக்கு எதிரி டிராக்கோ என்ற கொள்ளைப்படைத் தலைவன். அந்த வேடம் லங்ங’ஆயாவுக்கு.

இறுதிச் சண்டைக்கு ஒரு விதி வைத்திருந்தார்கள்: முதலில் தரையைத் தொடுபவருக்குச் சாவு. இருவரும் சாரத்தில் ஏறி, கீழே நிற்கும் ஊர்மக்களின் தலைகளையும் தோள்களையும் மிதித்தபடி சண்டையிடுவார்கள். அபத்தமான காட்சிதான், ஆனால் அபத்தம் தெரியாமல் பார்த்துக்கொள்வது அந்த இருவரின் கையில் இருந்தது. லங்ங’ஆயா ஒரு கணம்கூடக் கண் சிமிட்டி ‘இது விளையாட்டு’ என்று நம்மிடம் சொல்லவில்லை. வில்லனை வில்லனாகவே நடித்தார்.

எழுதுபவர்களுக்கு அவரைப் பிடித்துப்போயிருக்க வேண்டும். இரண்டாம் பருவத்தில் டிராக்கோ மீண்டும் வந்தான். காமன் மகனின் அம்பு தவறுதலாகப் பட்டு, ஸீனாவின் தோழி கேப்ரியல்மேல் தீராக் காதல் கொண்டான். ஐந்தாம் பருவத்தில் பாட்டுப் போட்டியை வைத்து ஒரு இசைப்பகுதி எடுத்தபோது இன்னும் அதே காதலோடு திரும்பி வந்தான். கொல்ல வந்தவன் காதலித்து, கடைசியில் பாடவும் செய்கிறான். ஒரு பகுதி வேடத்தை இப்படி வளர்த்தெடுப்பது எழுத்தாளர் மட்டும் செய்யும் காரியமில்லை.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். கற்பனைக் கிரேக்கத்தில் டிராக்கோ எந்த ஊர்க்காரன் என்று யாரும் கேட்கவில்லை. அவன் முகத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் கதைக்கு இல்லை.

சீருடைகள்

அடுத்து வந்த இரண்டு தொடர்கள் என் வாதத்துக்கு இடைஞ்சலானவை. அதனாலேயே அவற்றைப் பேசாமல் போகக்கூடாது.

சிட்னித் துறைமுகக் காவல்துறையைப் பற்றிய ‘வாட்டர் ரேட்ஸ்’ தொடரில் அவர் டாமி தவிதா என்ற காவலர். நியூசிலாந்தில் 2000ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய ‘ஸ்ட்ரீட் லீகல்’ தொடரில் அதைவிடப் பெரிய இடம்: கதைநாயகன் டேவிட் சிலேசி, ஆக்லாந்தில் தொழில் நடத்தும் சமோவா வழக்கறிஞர். நாடகாசிரியர் கிரெக் மெக்கீ உருவாக்கிய தொடர் அது. பசிபிக் தீவினர் என்றால் தொழிற்சாலை அல்லது ரக்பி மைதானம் என்றிருந்த நாட்டில், ஒரு சமோவர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடுவதை வாராவாரம் முதன்மை நேரத்தில் காட்டினார்கள்.

அப்படியானால் ‘நம் தெரு’க் கதையிலும் அவருக்கு இடம் இருந்ததே? இருந்தது. அது எப்படிக் கிடைத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நியூசிலாந்தில் 1989 முதல் உள்நாட்டு நிகழ்ச்சிகளுக்குப் பொதுப்பணத்தில் நிதி தரும் அமைப்பு உண்டு. நாட்டு மக்களை நாட்டு மக்களுக்குக் காட்டுவதுதான் அதன் வேலை. அந்தச் சூழலில் இப்படியொரு நாயகனை எழுதத் துணிவு வரும். டாமி தவிதாவுக்கோ காவல் சீருடை இருந்தது. காவலர், வழக்கறிஞர் ஆகியோர் கதைக்குள் வருவதற்குத் தொழிலே அனுமதிச் சீட்டு. பக்கத்து வீட்டுக்காரராக, பிள்ளை வளர்ப்பவராக, காதலிப்பவராக, எந்தக் காரணமும் சொல்லாமல் வந்து உட்கார்வது வேறு.

ஒரு கண் பட்டை

‘ஸ்டார் வார்ஸ்’ பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. இரண்டாம் பாகத்தையும் (2002) மூன்றாம் பாகத்தையும் (2005) ஜார்ஜ் லூகாஸ் சிட்னியின் ஃபாக்ஸ் ஸ்டுடியோவில் எடுத்தார். அந்த ஒரு முடிவு பசிபிக் நடிகர்கள் பலரை விண்வெளிக்கு அனுப்பியது. இரண்டாம் பாகத்தில் மட்டும் லங்ங’ஆயாவோடு, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி இனத்து நடிகர் டெமூரா மாரிசன் ஜாங்கோ ஃபெட்டாக வருகிறார். ரீனா ஓவன் ஒரு வேற்றுலகப் பெண்ணுக்குக் குரல் தந்திருக்கிறார். அதே நகரில் எடுத்த ‘மேட்ரிக்ஸ்’ தொடர்ச்சிகளில் (2003) ஆக்லாந்து மேடையின் மூத்த சமோவா நடிகர் நதானியல் லீஸ், மிஃபூனே என்ற ஜப்பானியப் பெயருடைய கேப்டன். எந்த முகமும் எந்தப் பெயரும் சேரலாம். விண்வெளியில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

டைஃபோவுக்கு வசனம் கொஞ்சம்தான். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில், ஆபத்து எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்தோம் என்று அவர் சொல்லி முடித்ததும் விண்கலம் வெடிக்கிறது. மொத்தக் கதையையும் தள்ளிவிடும் முதல் அதிர்ச்சி அந்த நிம்மதிப் பெருமூச்சின் மேல் நிற்கிறது. சில நொடி வேலை. அதைக் குறைவின்றிச் செய்தார்.

முகமூடி

2003 அக்டோபரில் சிட்னியின் கேபிடல் அரங்கில் ‘தி லயன் கிங்’ இசைநாடகம் தொடங்கியபோது சிங்க அரசன் முஃபாசா, லங்ங’ஆயா.

இந்த நாடகத்தின் முகமூடிகளைத் தெரிந்துகொண்டால்தான் அவர் செய்தது புரியும். இயக்குநர் ஜூலி டெய்மோர் முகமூடியை முகத்தில் மாட்டவில்லை. தலைக்கு மேலே நிறுத்தினார். முஃபாசாவின் முகமூடி சூரியனைப் போல வட்டமாக, சமநிலையாக இருக்கும். கார்பன் இழையால் செய்தது. எடை 11 அவுன்ஸ், அதாவது சுமார் 310 கிராம். நடிகரின் முகம் அதற்குக் கீழே முழுசாகத் தெரியும். பார்வையாளர் ஒரே நேரத்தில் சிங்கத்தையும் மனிதரையும் பார்க்கிறார். இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வது பார்ப்பவரின் மனது. பொம்மலாட்டத்தில் ஆட்டுபவர் திரைக்குப் பின்னால் இருப்பார். இங்கே ஆட்டுபவரும் பாத்திரமும் ஒரே உடம்பில் மேலும் கீழுமாக நிற்கிறார்கள்.

இதில் நடிகருக்கு ஒரு சோதனை உண்டு. முகத்தில் அதிகம் காட்டினால் முகமூடி செத்துப்போகும். முகத்தை இறுக்கிவிட்டால் தலைக்கு மேல் வெறும் பொருள் ஆடும். கழுத்தும் தோளும் குரலும் சேர்ந்துதான் அந்தச் சிங்கத்துக்கு உயிர் தர வேண்டும், வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். முஃபாசா மகனை உட்காரவைத்து, நட்சத்திரங்களைக் காட்டி, முன்னோர்கள் நமக்குள் வாழ்கிறார்கள் என்று பாடும் இடம் நாடகத்தின் உச்சங்களில் ஒன்று. நட்சத்திரம் பார்த்துப் படகோட்டிப் பெருங்கடலைக் கடந்து, தலைமுறைக் கணக்கை வாய்ப்பாடமாக வைத்திருந்த ஒரு மக்கள் கூட்டத்தின் வாரிசு அதைப் பாடினார். நாடகத்தை எழுதியவர்கள் அதை நினைத்திருக்கவே முடியாது. ஆனால் எனக்கு அந்தப் பாத்திரத் தேர்வு தற்செயலாகத் தோன்றவில்லை. தகப்பனின் கனம் குரலில் இருக்க வேண்டிய வேடம்; அது அவரிடம் இருந்தது.

ஒரே ஒரு குழந்தை

‘ப்ளே ஸ்கூல்’ 1966 முதல் ஆஸ்திரேலியாவின் பொது ஒளிபரப்பான ஏபிசியில் வந்துகொண்டிருக்கும் குழந்தைகள் நிகழ்ச்சி. பெரிய கரடிப் பொம்மை, துணிப் பொம்மை ஜெமைமா, முட்டை வடிவ ஹம்ப்டி, வெளியுலகைக் காட்டும் வட்ட சதுரச் சன்னல்கள். இரண்டு தொகுப்பாளர்கள், ஒரு பியானோ. அட்டைப்பெட்டியைப் படகாக்குவார்கள், போர்வையை மலையாக்குவார்கள். லங்ங’ஆயா 2000 முதல் அதில் இருக்கிறார்.

சினிமாப் பட்டியல் போடுபவர்கள் இதைக் கடைசி வரியில் சேர்ப்பார்கள். நான் இதை நடுவில் வைக்கிறேன். அந்த நிகழ்ச்சியில் தொகுப்பாளர் கேமராவின் கண்ணாடியை நேராகப் பார்த்து, மறுபக்கம் ஒரே ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பதாக எண்ணிப் பேச வேண்டும். கூட்டத்தைப் பார்த்துப் பேசும் தொனி வந்தால் மூன்று வயதுக் குழந்தை எழுந்து போய்விடும். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த மௌனத்தில் பொய் இருக்கக்கூடாது. இதைவிடக் கடினமான நடிப்புப் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்றும் நடந்தது. பெரிய உருவம் கொண்ட ஒரு பழுப்பு நிற மனிதரைப் பயமில்லாமல், அன்போடு பார்த்து ஒரு தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்தார்கள். அவருடைய நிறத்துக்கு அங்கே விளக்கம் தேவைப்படவில்லை.

2012

‘ஹோம் அண்ட் அவே’ 1988 முதல் ஓடும் தொடர். சிட்னிக்கு வடக்கே பாம் பீச்சில் படமாக்கப்படும் கற்பனை ஊர் சம்மர் பே. கடற்கரை, உணவகம், பள்ளிப் பிள்ளைகள், காதல்கள். ஆஸ்திரேலியா தன்னை எப்படிப் பார்த்துக்கொள்ள விரும்புகிறது என்பதற்கு அதைவிட நல்ல கண்ணாடி இல்லை. 2010இல் லங்ங’ஆயா அதில் எலைஜா ஜான்சன் என்ற போதகராக வந்தார். கதையில் நீண்டகாலமாக இருந்த லீயா என்ற பாத்திரத்தோடு அவருக்குக் காதல் அமைந்தது. லீயாவாக நடித்தவர் கிரேக்க சைப்ரஸ் வம்சாவளியினரான அடா நிக்கோடெமூ.

2012இல் அந்த வேலை முடிந்தது. தொடர்களில் இது சாதாரணம். மாதத்துக்கு ஒருவர் ஊரைவிட்டுப் போவார். ஆனால் லங்ங’ஆயா வாய் மூடிப் போகவில்லை. வெள்ளையர் அல்லாத இரண்டு பாத்திரங்களை ஜோடியாக அல்லாமல் தனித்தனியாக எழுத அவர்களுக்குத் தெரியவில்லை, அதனால்தான் வேலை போயிற்று என்று ட்விட்டரில் வெளிப்படையாகச் சொன்னார். பத்திரிகைகள் எடுத்துக்கொண்டன, ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி ஏன் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்ற விவாதம் எழுந்தது.

ஒருவரின் வெளியேற்றத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. கதைத் தேவை, ஒப்பந்தக் கணக்கு என்று எத்தனையோ இருந்திருக்கலாம். ஆனால் அவர் சுட்டிய குறை உண்மை என்பதற்குப் பின்னால் எண்ணே வந்தது. 2011 முதல் 2015 வரை ஒளிபரப்பான 199 நாடகத் தொடர்களை ஆராய்ந்து, ஸ்க்ரீன் ஆஸ்திரேலியா என்ற அரசு நிறுவனம் 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆங்கிலோ-கெல்டிக் மரபை, அதாவது பிரிட்டன், அயர்லாந்து வம்சாவளியைச் சாராதவர்கள் மக்கள்தொகையில் 32 விழுக்காடு. முதன்மைப் பாத்திரங்களில் 18 விழுக்காடு. லங்ங’ஆயா பேசிய ஆண்டு அந்தக் கணக்கின் நடுவில் விழுகிறது.

அவர் சொன்னதில் என்னை உறுத்துவது வேறு. இந்தக் குறை வெறுப்பைப் பற்றியது இல்லை; எழுதத் தெரியாததைப் பற்றியது. வெள்ளைப் பாத்திரம் என்றால் பொறாமை, கடன், பழைய காதல், தொலைந்த தம்பி என்று நூறு கதை தானாக வருகிறது. நிறமுள்ளவர் என்றதும் எழுதுபவரின் பேனா நின்று, ‘இவரை எதோடு சேர்ப்பது?’ என்று தேடுகிறது. ஸீனாவின் எழுத்தாளர்களுக்கு டிராக்கோவை எப்படி வளர்ப்பது என்று தெரிந்திருந்ததே!

இப்படி வெளிப்படையாகப் பேசும் நடிகர் விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஒரே தொழிலை நம்பியிருந்தவர் என்றால் அதோடு முடிந்திருக்கும். இவருக்கு ‘ப்ளே ஸ்கூல்’ இருந்தது, குழந்தைப் பாடல்கள் இருந்தன, இசைநாடக மேடை இருந்தது. 2013இல் ‘விக்கெட்’ இசைநாடகம் ஆக்லாந்தின் சிவிக் அரங்கத்துக்கு வந்தபோது ஓஸ் நாட்டு மாயாவி அவர்தான். பிரம்மாண்டமான ஓர் இயந்திரத் தலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சாதாரண மனிதனின் வேடம். பிறந்த ஊரில், வேலையிழந்த மறு ஆண்டு, மீண்டும் ஒரு முகமூடிக்குப் பக்கத்தில்.

வேறு வழியில் போனவர்கள்

அதே தலைமுறையில் இன்னொரு பாதையும் வெட்டப்பட்டது; ஒப்பிடாமல் விடுவது நியாயமில்லை. ஆஸ்கர் கைட்லி, டேவ் ஃபேன் முதலியோர் சேர்ந்த ‘நேக்கட் சமோவன்ஸ்’ குழு தங்கள் நாடகத்தைத் தாங்களே எழுதியது. அவர்களுக்குப் பின்னால் ‘ஃபாலே அய்ட்டு’ என்ற சமோவா நகைச்சுவை மரபு இருந்தது. ஆவி பேசுகிறது என்ற போர்வையில் கோமாளி ஊர்த்தலைவரையே கேலி செய்யலாம், யாரும் கோபிக்கக்கூடாது. அந்தக் குழு மேடையிலிருந்து ‘ப்ரோடவுன்’ என்ற கேலிச்சித்திரத் தொடருக்கும் (2004–2009), ‘சியோனேஸ் வெட்டிங்’ படத்துக்கும் (2006) போனது. அவர்கள் யாரிடமும் வேடம் கேட்டு நிற்கவில்லை, வீட்டையே கட்டிக்கொண்டார்கள். லங்ங’ஆயா அடுத்தவர் கட்டிய வீடுகளுக்குள் போய் இடம் பிடித்தார். முதல் பாதையில் சுதந்திரம் அதிகம். இரண்டாவதில், அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் கூடத்தில் யார் உட்காரலாம் என்று யோசிக்க வேண்டிவருகிறது. இரண்டும் தேவைப்பட்டன என்றே நினைக்கிறேன். 2020இல் அதே சம்மர் பேயில் பராட்டா என்ற மாவோரிக் குடும்பம், ஒற்றை ஆளாக அல்லாமல் குடும்பமாகவே குடியேறியது. எட்டு ஆண்டுகள் ஆயின.

2024இன் முற்பாதியில் லங்ங’ஆயா சிட்னியில் ‘கிரீஸ்’ இசைநாடகத்தில் வானொலி அறிவிப்பாளர் வின்ஸ் ஃபோன்டெய்னாக ஆடிப் பாடிக்கொண்டிருந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் முஃபாசாவாக நின்ற அதே கேபிடல் மேடை. வயது அறுபது. அந்த ஜூன் மாதம், பசிபிக் தீவுப் பெண்ணின் கதையான ‘மோனா’வை நிஜ நடிகர்களைக் கொண்டு எடுக்கும் படத்தில் நாயகி பதினேழு வயதுக் கேத்தரின் லங்ங’ஆயா என்று டிஸ்னி அறிவித்தது. ஜேயின் மகள்.

அந்த அறிவிப்போடு வந்த தன் சொற்களில் கேத்தரின் முதலில் ஊர்களைச் சொன்னார்: தாத்தா சவாயீ தீவின் பலௌலியில் உள்ள ஃபாஆலா ஊர்க்காரர், பாட்டி உப்போலுத் தீவின் லேயுலுமோயெங்ஙா துஆய். ஆங்கிலச் செய்திகள் அந்தப் பெயர்களை அப்படியே அச்சிட்டன, குறிகளோடும், ‘ங’வாக ஒலிக்கும் அந்த எழுத்தோடும்.